தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்த கணக்குப் பாடம்

மெய்யெண்கள் பாடத்தை நான் காதால்தான் கற்றேன். மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் நானும் என் மனைவியும் வேலை பார்க்கும் பள்ளியில் ஒரு நீளமான அறையைப் பலகைத் தடுப்பு அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு, அந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு. நான் தமிழ் ஆசிரியர், அவள் கணக்கு. பல வருடங்களாக என் பிள்ளைகள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் குரல் தடுப்பைத் தாண்டி வரும். மேகம் இறங்கி ஜன்னலை மூடிவிட்ட நாட்களில் வேறு சத்தமே இருக்காது. அவள் குரல் மட்டும்தான்.

ஒவ்வொரு வருடமும் ஒரே பாடம், ஏறக்குறைய ஒரே வார்த்தைகள். எண்கோட்டில் ஓட்டையே கிடையாது, பின்னங்களுக்கு நடுவிலும் எண்கள் உட்கார்ந்திருக்கின்றன, இரண்டின் வர்க்கமூலத்தை எந்தப் பின்னமாகவும் எழுத முடியாது என்பாள். அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் எண், உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் பார்த்து விசாரித்துவிட்டுத்தான் போக வேண்டும், அதுதான் பங்கீட்டுப் பண்பு என்பாள். எனக்குக் கணக்கு வராது. ஆனாலும் எந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், எந்த இடத்தில் அவள் சாக்பீஸை மேஜையில் தட்டுவாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

பரிமாற்றுப் பண்பு வரும் நாளில் கட்டாயம் சிரிப்பு உண்டு.

"கூட்டும்போது யாரு முன்னாடி வந்தாலும் ஒன்னுதான். மூணும் ஏழும் பத்து, ஏழும் மூணும் பத்து. இப்பக் கழிச்சுப் பாருங்க. ஏழுல மூணு போனா?"

"நாலுங்க டீச்சர்."

"மூணுல ஏழு போனா?"

"போகாதுங்க டீச்சர்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அவள் அதற்காகத்தான் காத்திருப்பாள்.

"போகும் சாமி. பூஜ்யத்தைத் தாண்டிக் கீழ போகும். மைனஸ் நாலு. அதனாலதான் கழிக்கும்போது வரிசையை மாத்தக் கூடாது."

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை தொடங்கிய சமயம், இதே கேள்வி தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டது. வழக்கம்போல ஒரு குரல் "போகாதுங்க டீச்சர்" என்றது.

"போகும். அதுவும் நாலுதான்" என்றாள் என் மனைவி.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறாள், அடுத்த வாக்கியத்தில் உடைப்பாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் உடைக்கவில்லை. "எழுதிக்கோங்க" என்றாள். சிரிப்பு சட்டென்று நின்றது. என் கையில் இருந்த சாக்பீஸோடு நான் அப்படியே நின்றேன். பிறகு அவள் அடுத்த பண்புக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் காரில் மலை இறங்கும்போது கேட்டேன். அப்போது எங்கள் வீடு அடிவாரத்தில், காரவள்ளியில் இருந்தது. தினமும் அவள்தான் கார் ஓட்டுவாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை மங்கல். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

"இன்னைக்கு மூணுல ஏழு போனா நாலுன்னு சொல்லிட்டியே?"

"யாரு, நானா?" என்றாள். "மைனஸ் நாலுன்னு சொல்லியிருப்பேங்க. உங்களுக்கு மைனஸ் கேட்டிருக்காது."

நடுவில் பலகை இருந்தது உண்மைதானே. நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பின் வந்த நாட்களில் சின்னச் சின்னதாக ஏதேதோ நடந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகு எடுத்தபோது சிலாம்பு ஏறிவிட்டது என்று கையை நீட்டினாள். "நடுவிரல்ல பாருங்க" என்றாள். நடுவிரலில் ஒன்றுமில்லை. மோதிர விரலில் ரத்தம் முத்துப்போல நின்றது. "இதுதானே?" என்று அதைத் தொட்டேன். அவள் தன் கையையே யாருடைய கையோ போல உற்றுப் பார்த்தாள். "ஆமா, அதுதான்" என்றாள்.

இன்னொரு நாள் குக்கர் விசிலை எண்ணச் சொன்னாள். அது எப்போதும் அவள் வேலை. பேசிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, கணக்கு விடாமல் எண்ணுவாள். "இன்னைக்கு நீங்களே எண்ணுங்க, எனக்குத் தலை வலிக்குது" என்றாள். தலைவலி அந்த மாதம் அடிக்கடி வந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. அவற்றைச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது அவள் பழக்கம். "பதினேழு, பகா எண். பதினெட்டு, ரெண்டு மூணு ஆறு ஒன்பதுன்னு எல்லாருக்கும் வழிவிடும்" என்று ஏதாவது பேசிக்கொண்டே திருப்புவாள். அந்த மழைக்காலத்தில் அந்தப் பேச்சு நின்றுபோனது. நின்றது எப்போது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு காலையில் நானாகக் கேட்டேன்.

"இந்த வளைவு என்ன எண்ணும்மா?"

பலகை கண்ணுக்கு நேராக இருந்தது. முப்பத்தாறு.

"அறுபத்து மூணு" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். வெளிப்பக்கம் பள்ளத்தில் மேகம் நிரம்பி, மரத்தின் தலைகள் மட்டும் தெரிந்தன. ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அதை வார்த்தையாக்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மதிய உணவு நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். நன்றாகப் படிக்கும் பிள்ளை. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"சார், டீச்சருக்கு உடம்பு சரியில்லீங்களா?"

"ஏன் கண்ணு?"

"போர்டுல போடற கணக்கு எல்லாம் தப்பா வருதுங்க சார். மொதல்ல சொல்லிப் பாத்தோமுங்க. சொன்னா டீச்சர் அழிச்சுட்டு மறுபடியும் அதையே எழுதறாங்க. அப்புறம் ரொம்ப நேரம் போர்டையே பாத்துட்டு நிக்கறாங்க. அதனால இப்ப நாங்க யாரும் சொல்றதில்லீங்க."

"அப்ப நோட்டுல என்ன எழுதறீங்க?"

"சரியானதை எழுதிக்கறோமுங்க" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "விதி எல்லாம் டீச்சர் சரியாத்தாங்க சொல்றாங்க. அதுல ஒரு எழுத்துக்கூட மாறலீங்க. எண்ணுதான் வரமாட்டேங்குது" என்றாள்.

சில வாரங்களாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே குறைந்திருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. வகுப்பு அடங்கியிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் பயந்திருந்தார்கள்.

மறுநாளே டாக்டரிடம் போகலாம் என்று அன்று சாயங்காலம் காரில் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன்பே அது நடந்துவிட்டது.

பள்ளியை விட்டுக் கிளம்பும்போதே மழை தூறியது. இறங்க இறங்க மேகம் கெட்டியானது. முன்விளக்கு போட்டும் நாலைந்து அடிக்கு மேல் தெரியவில்லை. எல்லாரும் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்கள். கீழேயிருந்து ஒரு லாரி முக்கி முனகி ஏறி வரும் சத்தம் கேட்டது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அது இந்த ரோட்டில் குழந்தைக்கும் தெரியும். அவள் வேகத்தைக் குறைத்தாள். வளைவு வந்தது. அவள் திருப்ப வேண்டியது வலது பக்கம். கார் இடது பக்கம், தடுப்புச் சுவரைப் பார்த்துப் போனது.

"ஏம்மா, வலது, வலது" என்றேன்.

அவள் இன்னும் இடது பக்கமே ஒடித்தாள்.

நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தேனா, அவளே பிரேக்கை அழுத்தினாளா என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கார் குலுங்கி நின்றது. தடுப்புச் சுவர் பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வெள்ளை மட்டும். மரவள்ளிக் கிழங்கு எடுக்கப் போகும் வெறும் லாரி எங்கள் பின்பக்கத்தை உரசாத குறையாக ஏறிப் போனது. டிரைவர் ஏதோ திட்டியது கேட்டது. பிறகு வைப்பர் ஓடும் சத்தம் மட்டும்.

அவள் இரண்டு கைகளையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, வலதுன்னா எந்தப் பக்கம்?"

நான் அவள் வலது கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். "இது." அவள் தலையாட்டினாள். அந்தக் கையைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள், அது தொலைந்துவிடும் என்பதுபோல.

அங்கே நிற்க முடியாது. மேலேயிருந்து எந்த நேரமும் ஒரு வண்டி எங்கள் மேல் வந்து விழலாம். கொஞ்சம் கீழே, வளைவு தாண்டினால் ரோடு அகலமாகும். சூடான வண்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் இடம் ஒன்று அங்கே உண்டு. என்னால் ஓட்ட முடியாது. அவளாலும் முடியாது. ஆனால் இருவரில் அவள்தான் ஓட்டியாக வேண்டும்.

"நான் முன்னாடி நடக்கறேன். எடம் வலம் எதையும் யோசிக்காத. என் முதுகை மட்டும் பாத்துட்டு வா" என்றேன்.

"சரீங்க" என்றாள்.

கொஞ்சம் பின்னால் எடுக்க வைத்து, பிறகு ரோட்டின் நடுவில் நடக்க ஆரம்பித்தேன். கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே, ஹார்ன் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். சட்டை நனைந்து ஒட்டியது. பின்னால் என்ஜின் சத்தம் என் காலடியை ஒட்டியே வந்தது. ஒருமுறை அது ரொம்ப நெருங்கிவிட்டது. பம்பர் என் வேட்டியைத் தொட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அவள் திகைத்துவிடுவாள் என்று தோன்றியது.

அகலமான இடத்தில் காரை நிறுத்தினோம். சாவியை நான் வாங்கிக்கொண்டேன். கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ் வந்தது. கண்டக்டர் எங்களைத் தெரிந்தவர். "என்னங்க டீச்சர், வண்டி மக்கர் பண்ணிருச்சுங்களா?" என்று கேட்டார். அவள் சிரித்துத் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் கார் ஓட்டவே இல்லை.

சேலத்தில் மூளை நரம்பு டாக்டர் ஒருவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். நிதானமான மனிதர். அவளிடம் நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னார். கழித்ததிலிருந்து மறுபடி ஏழு, மறுபடி ஏழு என்று போகச் சொன்னார். அவள் "தொண்ணூத்தி மூணு" என்றாள். அதோடு நின்றாள். உதடு அசைந்தது. நெற்றியில் வியர்த்தது.

"பரவாயில்லைம்மா. எட்டும் அஞ்சும்?"

அவள் மடியில் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டுக் கையை மூடிக்கொண்டாள்.

"அவங்க கணக்கு டீச்சருங்க டாக்டர்" என்றேன், அவளுக்காக வாதாடுவதுபோல.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்படியா. கூட்டல்னா என்னன்னு எனக்குச் சொல்லிக் கொடுங்க டீச்சர்" என்றார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்த இரண்டு மெய்யெண்களைக் கூட்டினாலும் மெய்யெண்ணே வரும் என்றாள். இடம் மாற்றினால் விடை மாறாது, மூன்று எண்களில் எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் கேடில்லை, பூஜ்யத்தைச் சேர்த்தால் எண் தானாகவே இருக்கும், ஒவ்வோர் எண்ணுக்கும் அதை அழித்துப் பூஜ்யமாக்கும் எதிர் எண் ஒன்று உண்டு என்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நான் வருடக்கணக்காகக் கேட்ட அதே குரல். ஒரு தடுமாற்றம் இல்லை. டாக்டர் முழுவதையும் கேட்டார். பிறகு விரல்களைக் காட்டச் சொன்னார், இடது காதை வலது கையால் தொடச் சொன்னார். அவள் தொட்டது வலது காதை.

தலையின் இடது பக்கம், காதுக்கு மேலே கொஞ்சம் பின்னால் ஒரு கட்டி. ஸ்கேன் படத்தில் எலுமிச்சம்பழம்போல வெளுப்பாக இருந்தது. பல வருடங்களாக மெல்ல வளர்ந்திருக்கும், புற்றாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். பேச்சு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதையும் சொன்னார்.

"கணக்கு மொத்தமும் போயிருங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

"முதல்ல உயிரு. அடுத்தது பேச்சு. கணக்கு அதுக்கப்புறம்தான்மா."

"உங்க வரிசை சரிங்க டாக்டர்" என்றாள்.

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தோம், யாரையோ தள்ளிக்கொண்டு வருவார்கள், உட்கார்ந்தோம். கடைசியில் டாக்டர் வந்தார். முகத்தில் களைப்பு. பெரும்பகுதியை எடுத்துவிட்டோம் என்றார். ரத்தக் குழாயை ஒட்டி ஒரு துண்டு இருக்கிறது, அதைத் தொட்டால் ஆபத்து, விட்டுவைத்திருக்கிறோம் என்றார். விட்டுவைத்திருக்கிறோம் என்ற சொல் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

கண் விழித்தும் அவள் பேசவில்லை. நாங்கள் கேட்பதெல்லாம் புரிகிறது, கண்ணால் பதில் சொல்கிறாள், வாயில் வார்த்தை இல்லை. மகள் வெளியே போய் அழுதுவிட்டு முகம் கழுவி வந்தாள். இரண்டாம் நாள் நர்ஸ் ஊசி போட வந்தபோது, "மெதுவாங்க" என்றாள் என் மனைவி. அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

பேச்சு வாரங்களில் திரும்பியது. இடது வலதும் ஏறக்குறைய வந்தது. எண்கள் வரவில்லை. சின்ன வாய்ப்பாடுகூடத் துடைத்து வைத்ததுபோல இருந்தது. காரவள்ளி வீட்டில் மதிய வேளைகளில் நாற்காலியில் உட்கார்ந்து தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொள்வாள். ஒருநாள் எட்டும் ஐந்தும் என்று முனகிக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் "பதிமூணு" என்றேன்.

"சொல்லாதீங்க" என்று என்மேல் கோபப்பட்டாள். அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

பிறகு மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அஞ்சை ரெண்டும் மூணுமாப் பிரிச்சுக்கலாம். எட்டும் ரெண்டும் பத்து. பத்தோட மூணு. பதிமூணு." என்னைப் பார்த்தாள். "சேர்ப்புப் பண்புங்க. அது இருக்குது. அது எங்கேயும் போகலை."

அப்படித்தான் அவள் ஏறி வந்தாள். மூன்றும் எட்டும் வராவிட்டால் இடம் மாற்றி எட்டுக்கு மேல் மூன்று எண்ணிப் போவாள். பெருக்கலில் ஏழு பன்னிரண்டு வராவிட்டால் பன்னிரண்டைப் பத்தும் இரண்டுமாக உடைத்து, வெளியே நிற்கும் ஏழை இருவரையும் விசாரிக்கச் சொல்வாள். நாங்கள் எல்லாரும் விடையை மனதில் வைத்திருக்கிறோம். அவளிடம் விடைகள் இல்லை, விதிகள் மட்டும் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் விடைவரை நடந்து போனாள்.

கழித்தலில்தான் விழுந்தாள். இடம் மாற்ற முடியாது, சேர்க்கும் முறையை மாற்ற முடியாது. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. "கழித்தல்னு ஒன்னு கெடையாதுன்னு வச்சுக்கறேங்க. எதிர் எண்ணைக் கூட்டறேன், அவ்வளவுதான்" என்பாள். சில நாள் அது கைகொடுக்கும். சில நாள் விடையின் குறி மாறிவிடும். மூன்றிலிருந்து ஏழு போனால் என்ன என்று நான் கேட்டதே இல்லை. கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடம் அவள் பள்ளிக்குத் திரும்பினாள். ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். இவள் ஆறாம் வகுப்பு எடுத்துக்கொண்டாள். நாங்கள் காரை விற்றுவிட்டோம். தினமும் அந்த வளைவுகளில் ஏறி இறங்க வேண்டாம் என்று பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்து மேலேயே வந்துவிட்டோம். அப்போது அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது. அவளுக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். அத்தனை வளைவுகளும் அப்போது எங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்கும். மழைக்காலத்தில் ரோட்டில் பாறை விழுந்து போக்குவரத்து நின்றது என்று கேள்விப்படும்போதெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

வருடத்துக்கு ஒரு ஸ்கேன். முதல் வருடம் அந்தத் துண்டு அப்படியே இருந்தது. போன வருடம், "லேசா ஒரு மாற்றம் மாதிரி தெரியுது, படம் எடுத்த கோணமாகவும் இருக்கலாம், அடுத்த முறை பார்ப்போம்" என்றார் டாக்டர். அந்த அடுத்த முறை இந்த வெள்ளிக்கிழமை.

போன வாரம் அவள் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கொடுத்த மிளகு. நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இன்னைக்கு என்ன கெழமை?"

பேப்பரைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வந்த வேகத்தில் செருப்பைக்கூடப் போடவில்லை.

"ஏன், தெரியலையா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "காலண்டர்ல தாள் கிழிக்காம இருக்குதுங்க. அதான் கேட்டேன்."

"புதன்கிழமை" என்றேன்.

"நீங்க என்னைப் பாக்கறதே பரீட்சை வைக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நான் சாதாரணமா ஒரு வார்த்தை கேக்க முடியறதில்லை."

அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நானும் மிளகைத் துழாவிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கி, எதிர் வீடு மறைந்தது. இனி காயாது என்று சாக்கை இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே தூக்கிப் போனோம்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும். ரிப்போர்ட் அன்றைக்கே கிடைத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.